மசால்தோசை தோற்ற கதை

எங்கள் ஆபீஸில் மூன்றரை மணி டீ என்றால் ஃபைல்களுக்கு ரெஸ்ட், கிரிக்கெட்டுக்கு வேலை. அன்றைக்கும் இந்தியா - பாகிஸ்தான் மேட்ச் பற்றிக் காரசாரமாக அலசிக்கொண்டிருந்தோம். ரிடையர்மென்ட்டை எண்ணிக்கொண்டிருக்கும் எங்கள் சூப்பரின்டெண்டென்ட், டீயை உறிஞ்சிக்கொண்டே ஒரு குண்டு போட்டார்.

"தம்பி, ஃபுட்பால்ல இந்தியாவும் பாகிஸ்தானும் முதன்முதலா மோதினது எந்த ஊர்ல? மசால்தோசை பந்தயம்!"

ஃபுட்பாலா? "டெல்லி" என்றேன். "லாகூர்" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். தலையில் அடித்துக்கொண்டார்.

"கொழும்புடா! 1952!"

தோசைக்குக் காசு கொடுத்த வயிற்றெரிச்சலில் விஷயத்தைத் தோண்டினேன். தோண்டத் தோண்ட எனக்கே வெட்கமாகிவிட்டது.

1947-ல் இந்தியா, பாகிஸ்தான். 1948-ல் பர்மா, சிலோன். புதிதாக சுதந்திரம் வாங்கிய நாலு பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து ஆரம்பித்த போட்டிதான் 'கொழும்புக் கோப்பை'. வருஷம் ஒரு ஊர்: 1952 கொழும்பு, 53 ரங்கூன், 54 கல்கத்தா, 55 டாக்கா. ஃபைனல் கிடையாது. ஒவ்வொரு டீமும் மற்ற மூன்றோடும் ஆட வேண்டும், பாயின்ட் அதிகம் எடுத்தவருக்குக் கோப்பை.

முதல் வருஷம் நம்ம டீம் இருந்த நிலைமையைக் கேளுங்கள். அதே 1952 ஜூலையில்தான் ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்தக் குளிரில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! (நான் மார்கழியில் பாத்ரூமுக்குப் போகவே செருப்பு தேடுகிறவன்.) அதற்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் என்று உத்தரவு வந்தது.

இப்போது கொழும்புக்கு வருவோம். பாகிஸ்தானோடு 0-0. இரண்டு பேரும் மற்ற இருவரையும் ஜெயித்து ஆளுக்கு ஐந்து பாயின்ட். கோப்பையை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே கோப்பைக்கு ஜாயின்ட் ஓனர்! இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அடுத்த மூன்று வருஷமும் கோப்பை நமக்கே. பாகிஸ்தானை ரங்கூனில் 1-0, கல்கத்தாவில் 3-1, டாக்காவில் 2-1 என்று வரிசையாக ஜெயித்தோம்.

இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் கோச் எஸ்.ஏ. ரஹீம். ஹைதராபாத்காரர், அடிப்படையில் பள்ளிக்கூட வாத்தியார். ஹெல்சின்கியில் தங்கம் வாங்கிய ஹங்கேரியிடம் ஒரு தந்திரம் இருந்தது. சென்டர் ஃபார்வர்ட் கோல் முன்னால் தவம் கிடக்காமல், கொஞ்சம் பின்னால் நழுவிவிடுவார். அவரைத் துரத்திக்கொண்டு டிஃபென்டர் வந்தால் அங்கே கதவு திறந்துவிடும். மற்றவர்கள் உள்ளே பாய்வார்கள். வராவிட்டாலோ இவர் நிம்மதியாகப் பந்தை வாங்கி ஆடலாம். அந்த வித்தையை வாத்தியார் நம்ம பையன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

பலன்? 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். நெவில் டிசௌசா ஹாட்ரிக் அடிக்க, ஆஸ்திரேலியாவை 4-2 என்று அவர்கள் ஊரிலேயே சாய்த்து செமி ஃபைனல் போனோம். அங்கே எதிரே நின்றது யார் தெரியுமோ? அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நம்முடையது! கடைசியில் 4-1 என்று தோற்றோம்தான். ஆனால் நாலே வருஷத்துக்கு முன்னால் பத்து வாங்கிய டீம் சார் இது! நாலாவது இடம் பிடித்தோம். ஒலிம்பிக் ஃபுட்பாலில் அதற்கு மேல் நாம் ஏறவே இல்லை.

நாலு தடவை கோப்பை. ஒரு கேலண்டரில்கூடப் படம் பார்த்ததில்லையே நான்! கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் தூக்கியவர் பெயரெல்லாம் மனப்பாடம்.

மறுநாள் முழு மேதாவியாக சூப்பரின்டெண்டென்ட் முன்னால் போய் நின்றேன். "இன்னைக்கு என்ன வேணா கேளுங்க சார்."

"கடைசிக் கோப்பை எங்கே?"

"டாக்கா!"

"எந்த நாடு?"

"பங்களாதேஷ்!" என்றேன், கண்ணை மூடிக்கொண்டு.

"1955-ல பங்களாதேஷ் ஏதுடா? அது கிழக்கு பாகிஸ்தான். அவங்க மண்ணுலயே ஜெயிச்சுட்டு வந்திருக்கோம், அதை விட்டுட்டியே!"

இரண்டாவது மசால்தோசையை, 'வீட்ல அவளுக்கு' என்று பார்சல் வாங்கிக்கொண்டார்.