மூக்கில்லாத படகு

ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதன் நிழலில் இரண்டு பரிசல்கள் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். முதல் தடவை பார்க்கிற குழந்தைகள் ஆமை என்று சொல்லும். ஒன்று அப்பாவுடையது, இன்னொன்று என்னுடையது. என்னுடையதில் இந்த வருசம் மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறேன். அப்பாவுடையதில் ஒட்டு எது, முதல் தார் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தப் பரிசலுக்கு வருவதற்கு முன்னால் ஏழு வருசம் நான் வேறு ஜாதிப் படகுக்கு ஊழியம் பார்த்தேன். வளைகுடா நாடு ஒன்றில், கடல் உள்ளே புகுந்த ஓடைக் கரையில் இருந்த கிளப்பில் படகு மெக்கானிக் வேலை. அங்கே தண்ணீரில் சறுக்குகிறவர்களை இழுத்துப் போகிற மூன்று ஸ்கீ படகுகள் இருந்தன. வெள்ளைக்காரர்களும் நம்ம ஊர்ப் பணக்காரர்கள் சிலரும் விடிகாலையில் வருவார்கள், வெயில் ஏறுவதற்குள் போய்விடுவார்கள். காற்று எழுந்துவிட்டால் தண்ணீரில் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்த தண்ணீரில் சறுக்க அவர்களுக்குப் பிடிக்காது.

தண்ணீர்ச் சறுக்கு என்பது நூறு வருசத்து விளையாட்டு. 1922இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, அண்ணன் ஓட்டிய மோட்டார் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்து நின்று பார்த்தான். தட்டையான பலகை தண்ணீருக்குள் குத்திக்கொண்டு அவனைக் கவிழ்த்தது. பலகையின் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு இளக்கி, மேல்நோக்கி வளைத்துக் கட்டிக் காயவைத்த பிறகுதான் நின்றான். பரிசலுக்கு மூங்கிலை வளைக்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

ஸ்லாலம் என்பது தண்ணீர்ச் சறுக்கிலேயே ஒற்றைப் பலகை ஆட்டம். இரண்டு காலும் ஒரே பலகையில், ஒன்றன் பின் ஒன்றாக. தண்ணீரில் 259 மீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போட்டிருப்பார்கள். படகு நடுக்கோட்டில் நேராகப் போகும். அந்தக் கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று ஆறு மிதவைப் பந்துகள். சறுக்குகிறவர் படகின் அலையை இடமும் வலமுமாக அறுத்துக்கொண்டு போய் ஆறையும் வெளிப்பக்கமாகச் சுற்ற வேண்டும். ஆண்களுக்குப் படகின் உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர். பதினாறு நொடியில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆறையும் தாண்டிவிட்டால் பரிசாகக் கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12 என்று இறங்கும். அடுத்தது 11.25. இங்கேதான் வேடிக்கை. பந்து இருப்பது 11.5 மீட்டரில், கயிறு அதைவிடக் குட்டை. மிச்சத்தை உடம்பால்தான் எட்ட வேண்டும். இடுப்பு தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து, ஒரு கையை முழுக்க நீட்டிக்கொண்டு பந்தைச் சுற்றுவார்கள். உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்கள் 10 மீட்டருக்கும் கீழே போயிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே தோள்பட்டை வலிக்கும்.

இந்த ஆட்டத்தில் பாதி படகுடையது. மற்ற மோட்டார் படகுகளில் எஞ்சின் பின்னால் இருக்கும். ஸ்லாலம் படகில் பெரும்பாலும் நட்டநடுவில். பாரம் நடுவில் உட்கார்ந்தால் பின்பக்கம் அமுங்காது, அலை தட்டையாகக் கிடக்கும். கயிறு கட்டுகிற கம்பமும் நடுவிலேயே நிற்கும். அடியில் வரிசையாக மீன் துடுப்பு மாதிரி சிறு தகடுகள். எழுபது எண்பது கிலோ ஆள் பக்கவாட்டில் முழு பலத்தோடு இழுத்தாலும் படகு கோட்டை விட்டு விலகாமல் அவை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மொத்தத்தில், நேராகப் போவதற்கென்றே பிறந்த படகு.

அதை வைத்திருப்பவனுக்கு நிம்மதி கிடையாது. உப்புத் தண்ணீர் என்பதால் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரை எஞ்சினுக்குள் விட்டுக் கழுவ வேண்டும். எஞ்சினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரை உறிஞ்சுகிற பம்புக்குள் இம்பெல்லர் என்று ஒரு ரப்பர்ப் பூ இருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிசம் சுற்றினாலே அதன் இதழ் கிழிந்துவிடும். கிழிந்த துணுக்கு குழாயில் போய் அடைக்கும், எஞ்சின் சூடேறும். சின்ன ரப்பரைப் பார்க்காமல் விட்டு லட்சக்கணக்கில் எஞ்சினுக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் புரொபெல்லர். ஓரத்தில் நகக்கண் அளவு நெளிந்தால் போதும், ஸ்டியரிங்கில் கைவைத்தவருக்கு உதறல் தெரிந்துவிடும்.

நான் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். படகின் அடியில் பின்பக்கம் ஒரு ஓட்டை உண்டு. கரையேற்றியதும் உள்ளே சேர்ந்த தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்போம். மறுபடி இறக்கும்போது திருகி மூட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூடாமலே இறக்கிவிட்டேன். கட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் பின்பக்கம் அமுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் நனைவதற்குள் இழுத்துப் போட்டோம். அன்றிலிருந்து அந்தத் திருகாணியை டிரெய்லர் சாவியோடு சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்வேன்.

2018 ஜூலையில், மேட்டூர் அணை 120 அடியைத் தொட்ட வாரம், வேலையை விட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. நான் வந்த அன்று மடம் சோதனைச்சாவடியிலேயே சுற்றுலா வண்டிகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ‘நீர்வரத்து அதிகரிப்பு, அருவிகளில் குளிக்க, பரிசல் இயக்கத் தடை’ என்று நீங்கள் பேப்பரில் படிக்கிற ஒற்றை வரிச் செய்தியின் இந்தப் பக்கத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ஐந்தருவி இருந்த இடமே தெரியவில்லை. பாறையெல்லாம் முழுகி, செம்மண் கரைந்த தண்ணீர் நுங்கும் நுரையுமாக ஒரே மட்டத்தில் போனது. துறையில் நூற்றுக்கணக்கான பரிசல்கள் கரைமேல் கவிழ்ந்து கிடந்தன. நானூறுக்கு மேல் பரிசலோட்டிகள் இருக்கிற ஊர் இது. அத்தனை பேரும் டீக்கடையில் இருந்தார்கள்.

கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பினால் திறந்துவிடுவார்கள். அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. அங்கே சொல்கிற கன அடிதான் எங்கள் பிழைப்பு. கலெக்டர் தடை போடுவதும் எடுப்பதும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். 2019லும் 2024லும் இதே கதை நடந்தது. ஆடிப்பெருக்குக்குக் கூட்டம் வரும் என்று வருசம் முழுக்கக் காத்திருப்போம். அதே ஆடியில்தான் ஆறும் பெருகும்.

அந்தச் சும்மா இருந்த நாட்களில் அப்பா எனக்குப் பரிசல் கட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாள் வேலை. முதலில் மூங்கிலைத் தப்பை தப்பையாகப் பிளக்க வேண்டும். முற்றிய மூங்கில் வேண்டும், இளசாக இருந்தால் சத்து அதிகம், பூச்சி விழுந்து மாவு கொட்டும். தேய்பிறையில் வெட்டினதா என்று கேட்டுத்தான் அப்பா வாங்குவார். சுற்றிலும் இவ்வளவு காடு இருந்தும் நாங்கள் காசு கொடுத்துத்தான் மூங்கில் வாங்குகிறோம், இது சரணாலயப் பகுதி. 2017இல் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்கிற மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். அது தோட்டத்து மூங்கிலுக்கு.

பிளந்த தப்பையைத் தரையில் நட்சத்திரம் மாதிரி குறுக்கும் நெடுக்கும் போட்டு, கூடை முடைகிற மாதிரி அடியை முடைவோம். நடுவில் கல்லைப் பாரம் வைத்து, ஓரங்களை மேலே வளைத்து, விளிம்பில் நாலைந்து தப்பையைச் சேர்த்துச் சுற்றிக் கட்டுவோம். ஏழெட்டு அடி அகலம் வரும். இதன் மேல் தாத்தா காலத்தில் தோல் போர்த்தினார்கள். நாங்கள் பிளாஸ்டிக் சாக்கை விரித்துத் தைத்து, மேலே தார் பூசுகிறோம். தோல் பரிசல் நாறும், ஆனால் பாறையில் உரசினால் சத்தமே வராது என்று அப்பா சொல்வார்.

தார் பூசுவதுதான் கை வேலை. டின்னில் உருக்கி, கட்டையில் துணி சுற்றித் தொட்டு இழுக்க வேண்டும். சூடு அதிகமானால் சாக்கு பொசுங்கி ஓட்டை விழும். குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும், முதல் பாறையிலேயே பெயர்ந்துவிடும். அப்பாவிடம் சூடுமானி கிடையாது. கட்டையிலிருந்து ஒரு சொட்டை ஈரச் சாக்கில் விட்டு, கட்டைவிரலால் அமுக்குவார். விரல் ரேகை பதிந்து, விரலில் ஒட்டாமல் வந்தால் சரி. எனக்கு மூன்று வருசம் ஆயிற்று அந்தப் பதம் பிடிபட.

அப்புறம்தான் பராமரிப்பு. ஓடுகிற நாளில் பரிசலுக்கு ஒன்றும் ஆகாது. பாறையில் இடித்தாலும் மூங்கில் நெளிந்து கொடுத்துவிட்டு நிமிரும். கெடுவதெல்லாம் கரையில் கிடக்கும்போதுதான். வெயிலில் கவிழ்த்து வைத்தால் தார் இளகி விளிம்புப் பக்கம் வழிந்து, நடுவில் சாக்கு பல்லிளிக்கும். மண்ணில் வைத்தால் கரையான். அதிகம் காய்ந்தால் தப்பை வெடிக்கும். அதனால்தான் புங்க மர நிழல், அடியில் நாலு கல், மேலே அவ்வப்போது ஈரச் சாக்கு. ஸ்கீ படகும் இதே குணம்தான். ஓடாமல் நின்ற மாதங்களில்தான் அதன் ரப்பர் விறைக்கும், பேட்டரி சாகும். தடை போட்ட நாற்பது நாள் பரிசலைத் திரும்பிப் பார்க்காதவர்கள் தடை எடுத்த அன்று காலையில் தாருக்கு அலைவார்கள்.

ஓட்டுவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நேராகப் போகிற படகுக்குப் பழகினவன் நான். பரிசலுக்கு மூக்கும் கிடையாது, முதுகும் கிடையாது. ஒரு பக்கம் துடுப்பு போட்டால் நின்ற இடத்தில் ராட்டினம் சுற்றும். போகிற திசைப் பக்கம் குந்தி, முன்னால் இருக்கிற தண்ணீரைத் துடுப்பால் தன் பக்கம் வாரி இழுக்க வேண்டும், எட்டுப் போடுகிற மாதிரி. அடியில் சாண் ஆழம் தண்ணீர் இருந்தால் போதும், பாறை மேலேயே வழுக்கிக்கொண்டு வரும். திரும்ப இடமே வேண்டாம். சின்னாறு துறையில் ஏற்றி, கூட்டாறு, கோத்திக்கல், மெயினருவி, மணல்மேடு என்று போகிற வழியில், இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைக்கு நடுவே, மூக்குள்ள படகு ஒன்று குறுக்கே மாட்டினால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் குறைந்த இடத்தில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாங்கள் நடப்போம்.

இந்த வட்டப் படகு நமக்கு மட்டும் சொந்தமில்லை. பாபிலோனுக்கு ஆற்றோடு வருகிற வட்டத் தோல் படகுகளைப் பற்றி கிரேக்கத்து ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு கழுதை நிற்குமாம். சரக்கை இறக்கியதும் சட்டத்தை விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்களாம். நீரோட்டத்தை எதிர்த்துப் போக முடியாது. எங்களுக்குக் கழுதை இல்லை, தலை இருக்கிறது. நோவா கதைக்கும் முந்தைய பெருவெள்ளக் கதையில் பேழையே வட்டப் படகுதான் என்று சொல்லும் பாபிலோனியக் களிமண் ஏட்டை பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கெல் படித்துச் சொன்ன பிறகு, அதைச் சின்ன அளவில் கட்டிப் பார்த்த இடம் நம் பக்கத்து வீடு, கேரளம். அதற்கும் தார்தான் பூசினார்கள்.

மூக்கில்லாத படகில் ஒரு ஆபத்தும் உண்டு. எந்தப் பக்கம் பாரம் கூடினாலும் அந்தப் பக்கம் சாயும். ஸ்கீ படகில் ஓட்டுநர் தவிரப் பின்னால் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். இங்கே எல்லாமே ஒருத்தர். கனமானவர்களை எதிரெதிரே உட்காரவைத்து, ‘அண்ணா, ஒரே ஒரு போட்டோ’ என்று எழுந்திருக்கிறவரை, பேசாமல் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைக்க வேண்டும். 2015 ஆகஸ்டில் இங்கே பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பரிசல் நகரக் கூடாது என்பது கண்டிப்பானது. ஜாக்கெட் நாறுகிறது, வெயிலுக்குப் புழுங்குகிறது என்று இன்றைக்கும் முகம் சுளிப்பவர்கள் வருகிறார்கள். அவர்களை நான் ஏற்றுவதில்லை. அன்றைய சவாரி முறை போனாலும் பரவாயில்லை.

போன தடையின்போது அப்பாவுக்கு ஸ்லாலம் வீடியோ ஒன்றைப் போனில் காட்டினேன். தார் டின் அடுப்பில் இருந்தது. ஆறு பந்தையும் ஒருவன் சுற்றி முடித்து, கடைசியில் கயிற்றை விட்டுவிட்டு மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்தான்.

“இப்ப அவன் என்ன பண்ணுவான்?”

“அப்படியே மிதப்பான்ப்பா. படகு சுத்தி வந்து ஏத்திக்கும்.”

“சுத்தி வருமா?” என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ்ளோ எடம் இருக்குதா அங்க?”

“ஏரிப்பா.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டின் பக்கம் குனிந்து ஒரு சொட்டை ஈரச் சாக்கில் விட்டு, விரலை வைத்தார்.

“ஆறிக்கிட்டே வருது. போன வச்சுட்டு அந்த ஓரத்தப் புடி.”