பிறவிச் சிறுநீரக வீக்கம்

பிறவிச் சிறுநீரக வீக்கம் என்பது, பிறக்கும்போதே உள்ள அமைப்புக் குறையால் சிறுநீர் வெளியேற இயலாமல் தேங்கி, அல்லது சிறுநீர்ப்பையிலிருந்து பின்னோக்கி ஏறி, குழந்தையின் சிறுநீரகத்தின் உட்பகுதி விரிவடைந்து காணப்படும் நிலையாகும். மருத்துவத்தில் இது ஹைட்ரோநெப்ரோசிஸ் எனப்படுகிறது. இது தனி நோயன்று. வேறொரு குறையின் அடையாளமே. இலேசான வீக்கம் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். ஏனையவற்றில் காரணம் அறியப்படாவிடின், வலியேதும் இன்றியே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

காரணங்கள்

சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் இணையும் இடத்தில் ஏற்படும் அடைப்பே மிகுதியாகக் காணப்படுவது. சிறுநீர்ப் பின்னேற்றமும் பரவலானதே.

அரிய காரணங்களுள் முக்கியமானது, ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே உண்டாகும் பின்புறச் சிறுநீர்வழி வால்வு ஆகும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919 இல் இதனை வகைப்படுத்தினார். இது இரு சிறுநீரகங்களையும் ஒருசேரத் தாக்கவல்லது.

மற்றொன்று, வலப்புறச் சிறுநீர்க்குழாய் கீழ்ப்பெருஞ்சிரையின் பின்னால் சுற்றிச் செல்வது. இங்குக் குறை குழாயில் இல்லை, சிரை உருவான விதத்தில் உள்ளது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் குழாய் தூண்டில் முள்ளைப் போல வளைந்து தெரியும். பிறவியிலேயே இருந்தாலும், பெரும்பாலும் நடுவயதிலேயே இது வெளிப்படுகிறது. சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதிச் சுருக்கம் இன்னும் ஏமாற்றக்கூடியது: மேல் இணைப்பின் அடைப்பெனத் தவறாகக் கருதப்பட்டு, அறுவையின்போதே உண்மை தெரியவருவதுண்டு.

கண்டறிதல்

பரவலாக ஸ்கேன் எனப்படும் மீயொலிச் சோதனை கருவிலேயே வீக்கத்தைக் காட்டுகிறது. கடைசி மூன்று மாதங்களில் சிறுநீரக உள்ளறையின் அகலம் 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால், பிறந்தபின் தொடர்ந்து கவனிக்க வேண்டும். பிறந்த முதல் இரு நாட்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால் வீக்கம் மறைந்து தோன்றும்; ஆகவே சோதனை வழக்கமாக 48 மணி நேரத்திற்குப் பின்னரே செய்யப்படுகிறது. வால்வு ஐயம் இருப்பின் காத்திருத்தல் கூடாது. கருவின் பாலினத்தை வெளிப்படுத்துவதை 1994 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடை செய்வதால், இவ்வையத்தைப் பேறுகாலத்திற்கு முன் பெற்றோருக்கு விளக்குவதும் எளிதன்று.

பின்னேற்றத்தையும் வால்வையும் அறிய, சிறுநீர்ப்பையில் சாயநீர் செலுத்தி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கப்படும். அடைப்பின் அளவையும் ஒவ்வொரு சிறுநீரகத்தின் பங்கையும் கதிரியக்கப் பொருள் கொண்டு செய்யும் ரெனோகிராம் காட்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய காட்டூர் போன்ற ஊர்களின் குழந்தைகளுக்கு இத்தகைய உயர்நிலைச் சோதனைகள் சென்னையில், எடுத்துக்காட்டாக எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை போன்ற இடங்களில் செய்யப்படுகின்றன. பேறுகாலத்திற்கு முந்தைய ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்வது, வீக்கம் எப்போது தொடங்கியது என்பதை மருத்துவர் அறிய உதவும்.