சேசிஸ் நம்பருக்கு ஒரு பெட்டி

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் தயாராகின்றன. ஒவ்வொரு காருக்கும் 17 குறிகள் கொண்ட சேசிஸ் நம்பர் உண்டு. இங்கே தயாராகும் ஹூண்டாய்க்கு அது எம்ஏஎல் என்று தொடங்கும். ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வரவே வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்று உலகம் முழுக்கவே ஒதுக்கிவிட்டார்கள்.

கார் ஆலை எதுவானாலும், அந்த நம்பரைக் கொடுத்து "வண்டியின் முழு விவரம்" கேட்டால் கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். எஞ்சின் ஓர் அட்டவணையில், பெயின்ட் இன்னொன்றில், நட்டு முறுக்கிய டார்க் அளவு வேறொன்றில். அத்தனையும் தேடி இணைக்க வேண்டும். லைனில் ஸ்கேனர் 'பீப்' அடிக்கும்போதெல்லாம் இதே கேள்வி போனால் டேட்டாபேஸ் திணறும்.

ஒருமுறை இணைத்த விடையை ஒரே வரி எழுத்தாக்கி, சேசிஸ் நம்பரின் பேரில் டேட்டாபேஸிலேயே வைத்துவிடலாம். மாதிரிக்கு:

{"நிறம்":"வெள்ளை","வீல்நட்":[110,109,111,110]}

இப்படி எழுத்தாக்குவது சீரியலைஸ். எடுத்து வைப்பது கேஷ். ராயல் என்ஃபீல்டு 2020 முதல் அர்ஜென்டினாவுக்கு பைக்கை உதிரிகளாகப் பெட்டியில் அனுப்பி அங்கே பூட்டுகிறதே, சீரியலைஸும் அதே வேலைதான். 2009இல் வந்த ரெடிஸ் போன்ற நினைவகக் கேஷ், டேட்டாபேஸில் வைப்பதைவிட வேகம். ஆனால் அதற்குத் தனிப் பராமரிப்பு வேண்டும். டேட்டாபேஸில் வைத்த பெட்டியோ கரண்ட் போய் வந்தாலும் அங்கேயே இருக்கும். பேக்கப்பும் சேர்ந்தே நடக்கும்.

தலைவலி, பழைய பெட்டி. ஒரு வீல் நட்டை ரீவொர்க்கில் மறுபடி முறுக்கினார்கள். அட்டவணையில் புது அளவு ஏறிவிட்டது, திரையில் மட்டும் இன்னும் பழசு. பத்து நிமிடத்தில் தானே காலாவதியாகட்டும் என்று விடுவது சோம்பேறி வைத்தியம். அதற்குள் கார் பல ஸ்டேஷன்கள் தாண்டியிருக்கும். அட்டவணையில் புது அளவை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனில் பழைய பெட்டியையும் அழித்துவிட வேண்டும். இரண்டும் நடக்கும், அல்லது இரண்டுமே நடக்காது. ஆலை கேட்டைத் தாண்டிய வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. அதன் தயாரிப்பு விவரம் அநேகமாக மாறாது. கேஷுக்கு அதைவிடத் தோதான சரக்கு இல்லை.

ரீகால் வந்தால் கேள்வியே தலைகீழ்: "இந்த லாட் போல்ட் எந்தெந்த வண்டியில்?" சேசிஸ் நம்பர்வாரியாகக் கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். லாட் நம்பருக்கு இன்டெக்ஸ் போட்ட அட்டவணை உடனே சொல்லிவிடும். பெட்டி இருக்கிறதே என்று மூல அட்டவணையில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள்.