கைடின் கையெழுத்துக்குப் பயந்து

‘பெண்கள் மட்டும் படிக்கிற இடம், பயமில்லை’ என்ற நிம்மதியோடுதான் பல பெற்றோர் மகளை மகளிர் பல்கலைக்கழக விடுதியில் சேர்க்கிறார்கள். கொடைக்கானலில் 1984-இல் தமிழக அரசு தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் போன்ற வளாகங்களின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும், அந்த நிம்மதியே மாணவியின் வாயை அடைத்துவிடக் கூடாது. அங்கும் வெளித்தேர்வாளர்களும் ஒப்பந்தப் பணியாளர்களும் வந்து போகிறார்கள். மாணவிகள் களப்பணிக்கும் பயிற்சிக்கும் வெளியே போகிறார்கள். துன்புறுத்துபவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. உயர்கல்வி நிறுவனங்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு தனி விதிமுறைகளையே வகுத்திருக்கிறது. விடுதி, கல்லூரிப் பேருந்து, கல்விச் சுற்றுலா, பயிற்சிக்குப் போகும் அலுவலகம் எல்லாம் அந்த விதிமுறைகளின்படி வளாகம்தான்.

ஆராய்ச்சி மாணவிகளின் நிலைதான் மிகக் கடினம். நான்கைந்து ஆண்டு உழைப்பு, கைடு எனப்படும் ஆய்வு வழிகாட்டி ஒருவரின் கையெழுத்தில் தொங்குகிறது. கைடு தவறாக நடந்தால், ‘புகார் கொடுத்தால் பிஎச்.டி. போய்விடும்’ என்று சகித்துக்கொள்கிறார்கள். இந்தப் பயத்துக்கு விதிமுறையிலேயே பதில் உண்டு. மாணவி கேட்டால், விசாரணை முடியும்வரை அவரது ஆய்வையோ தேர்வையோ குற்றம்சாட்டப்பட்டவர் மதிப்பிடக் கூடாது என்று உள்ளகப் புகார்க் குழு பரிந்துரைக்கலாம். மாணவிக்கு மூன்று மாதம்வரை விடுப்பும் தரலாம். இவற்றை வாய்விட்டுக் கேட்க வேண்டும்; எழுதிக் கேட்பது இன்னும் நல்லது.

‘விசாகா கமிட்டி’ என்று பலரும் சொல்வது இந்தக் குழுவைத்தான். துணைவேந்தர், பதிவாளர், துறைத் தலைவர் போன்றோர் இதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஒருவர் இருந்தே ஆக வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தலில் வென்ற மூன்று மாணவப் பிரதிநிதிகளும் அமர வேண்டும்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தொல்லை தொடர்ந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். அதிர்ச்சியிலிருந்து மீளவே ஓராண்டு ஆகிற பெண்களுக்கு இது போதவே போதாது என்பது என் கருத்து. அதனால் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். தேதியும் இடமும் அன்றன்றே குறித்துவையுங்கள். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் தருபவரின் பெயரை வெளியிடக் கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று தண்டிக்க முடியாது.

‘நாமே பேசி முடித்துக்கொள்வோம்’ என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். சமரசத்தைப் பாதிக்கப்பட்டவர்தான் கேட்க வேண்டும். அதில் பணப் பேச்சுக்கு இடமே இல்லை.

குழுவிடம் போவதால் காவல் நிலையக் கதவு மூடிவிடுவதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யலாம். அவசரத்துக்கு 112, ஆலோசனைக்கும் உதவிக்கும் 181.

மகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் கட்டும் அன்றே இந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் மாணவிகளின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.