காணி அதிகாரம் யாருடைய கையில்? சமஷ்டி பற்றி ஒரு விளக்கம்

படுவான்கரையில் மீளக் குடியேறிய குடும்பங்களோடு கூடியிருந்து பேசும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும். “எங்கட காணிக்குப் பேமிற் தாறது ஆரு பாதர், கொழும்பா, திருகோணமலையா?” இந்தக் கேள்விக்குள்தான் சமஷ்டி என்னும் பெரிய விடயம் அடங்கியிருக்கிறது.

சமஷ்டி என்றால் என்ன? குளத்து நீரைப் பங்கிடுவதை எண்ணிப் பாருங்கள். போகத்துக்கு முன் கூட்டம் கூடி, எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முடிவு செய்கிறோம். பின்னர் ஒருவர் தனியாக அதை மாற்ற முடியாது. சமஷ்டியும் அவ்வாறே. மத்திக்கும் மாநிலத்துக்கும் உரிய அதிகாரங்கள் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தரப்பு மட்டும் அவற்றை மாற்ற முடியாது. ஒற்றையாட்சியிலோ துரிசின் திறப்பு மத்தியின் கையிலேயே இருக்கும். அது திறந்தும் விடலாம், பூட்டியும் விடலாம்.

எமது நாட்டில் சமஷ்டியை முதலில் பேசியவர்கள் தமிழர் அல்லர். 1926 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அதனை முன்மொழிந்தார். பின்னர் கண்டிச் சிங்களத் தலைவர்களும் டொனமூர் ஆணைக்குழுவிடம் அதையே கேட்டனர். தந்தை செல்வாவின் தமிழரசுக் கட்சி தோன்றியது 1949 இல். 1957 இல் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், குடியேற்றத் திட்டங்களுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க இணங்கியது. எதிர்ப்பு எழுந்ததும் 1958 இல் அது கைவிடப்பட்டது. சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் கூறியது 2017 இல்தான்.

1987 இன் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. காணியும் மாகாணப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அரச காணி குடியரசுக்கே உரியது என்றும், மாகாண சபையின் ஆலோசனையுடன் சனாதிபதியே அதை வழங்குவார் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. அது கூறிய தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவில்லை. அரச காணி மாகாணத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று 2013 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்த பின், ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமல், சனாதிபதி நியமித்த ஆளுநரே நிர்வாகத்தை நடத்தினார். மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட அமர்ந்த பண்ணையாளர்களும் முறையிட வேண்டியிருந்தது கொழும்பிடமே. மகாவலி வலயம் மத்தியின் கீழ் உள்ளது.

ஆகவே சமஷ்டி கிடைத்தால் எல்லாம் தீருமா? இல்லை. மாகாணத்துக்குள்ளும் சிறுபான்மை உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கில் தமிழர் நூற்றுக்கு 39, முஸ்லிம்கள் 37, சிங்களவர் 23 அளவில் இருந்தனர். கொழும்பைப் பார்த்துத் தமிழர் அஞ்சுவதுபோல, வடக்கும் கிழக்கும் இணைந்த மாகாணத்தைப் பார்த்து முஸ்லிம்கள் அஞ்சினர். அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. வாவியின் இரு கரையிலும் அழுகுரல் ஒன்றுதான்.

வேறு நாடுகளும் இதைக் கண்டன. நைஜீரியா 1960 இல் மூன்று பெரிய பிராந்தியங்களோடு சுதந்திரம் பெற்றது. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய இனம் ஓங்கி நிற்க, சிறிய இனங்கள் அஞ்சின. 1967 முதல் 1970 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இன்று அங்கு 36 மாநிலங்கள் உள்ளன. சுவிற்சர்லாந்தில் பேர்ண் மாநிலத்துக்குள் இருந்த பிரெஞ்சு மொழி பேசும் யூரா மக்கள், வாக்கெடுப்புகளின் வழியே 1979 இல் தனி மாநிலம் பெற்றனர். மேலிருந்து கீழே வரும் அதிகாரம் மாகாணத்தோடு நின்றுவிடாமல், அங்குள்ள சிறிய சமூகத்தையும் சென்றடைய வேண்டும் என்பதே இவற்றின் பாடம்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? பழைய பேமிற், வரிப் பற்றுச்சீட்டு, நெல் விற்ற துண்டு எதையும் எறியாதீர்கள். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். கமக்காரர் அமைப்பில் அடுத்த ஊர் முஸ்லிம் விவசாயியோடு ஒரே வாங்கில் அமருங்கள். தண்ணீரைப் பங்கிடத் தெரிந்த நமக்கு அதிகாரத்தைப் பங்கிடுவதும் முடியாத காரியமல்ல.