உப்புக் காற்றில் ஓடிய காரை விற்கப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

உப்பளங்கள் சூழ்ந்த மரக்காணம் பக்கம் பழைய கார் பார்க்க வருகிற விவரமான ஆள் முதலில் எதைத் திறப்பார் தெரியுமா? பானெட்டை இல்லை, டிக்கியை! மேட்டைச் சுருட்டிவிட்டு, ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அந்தப் பள்ளத்துக்குள் தலையை விட்டுத் துரு இருக்கிறதா என்று பார்ப்பார். நீங்கள் பாலிஷ் போட்டுப் பளபளக்க வைத்த பானெட் பொய் சொல்லலாம். அந்தப் பள்ளம் சொல்லாது.

ஸ்டெப்னி என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. ஆரம்பகாலக் கார்கள் உபரிச் சக்கரம் இல்லாமலேதான் வந்தன. 1904-ல் அந்தத் தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு முன்பே நம் உப்பு வணிகர்கள் முந்திக்கொண்டார்கள்! உப்பு மூட்டை ஏற்றிப் போன உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனைப் புகழ இந்த அச்சைத்தான் உவமையாக எடுத்துக்கொள்கிறார். சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், உப்பும் வண்டியும் இந்தக் கரையில் எத்தனை நாள் உறவு பாருங்கள்!

உறவு என்றேன், பகை என்பதே சரி. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்துவிட்டால் அந்த நீர் மின்சாரம் கடத்தும் கரைசலாகி, துரு ஓட்டமெடுக்கிறது. இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? காரின் அடியில் ஒட்டிய உப்புத்தூளுக்கு மழையே வேண்டாம்! காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடு இருக்கிறதே, அதற்கு 33 சதவீதமே போதும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிந்து நிற்கிறதே, அதே சங்கதிதான் உங்கள் காரின் அடித்தட்டிலும் நடக்கிறது. வெயில் கொளுத்தும் மதியத்திலும் அங்கே ஓர் ஈரப்படலம் உட்கார்ந்திருக்கலாம்.

துரு எங்கே ஒளியும்? கதவின் கீழ்விளிம்பில், சக்கர வளைவின் உள்மடிப்பில், ஜாக்கி வைக்கும் இடத்தில், சைலன்சரில், பிரேக் குழாயில். சிலர் டிங்கர் கடைக்குப் போய் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும் என்பது தெரியுமா? மெல்லிய துணியில் சுற்றிக் கதவோரமாக இழுத்துக்கொண்டே போனால், தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பட்டி தடித்த இடத்தில் வழுக்கிவிடும். காந்தத்தோடு வருகிறவரைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். அவர் வருவதற்கு முன் நீங்களே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. பனி கொட்டும் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பைத்தான் தூவுகிறார்கள். அங்கே பழைய கார் வாங்குகிறவரும் நம்மைப் போலவே முதலில் குனிந்து அடித்தட்டைத்தான் பார்க்கிறார்.

உப்பு ஒரு பக்கம், வெள்ளம் மறுபக்கம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. அந்த மழையைப் பார்த்த வட்டாரத்துக் கார் என்றாலே வாங்குகிறவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். ஏன் தெரியுமா? சீட்டைக் கழற்றிக் கழுவலாம், வாசனைத் திரவம் தெளிக்கலாம். பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் தோன்றாது. வெள்ளம் உள்ளே வந்திருந்தால் அங்கே சேற்றுக் கோடு ஒன்று சாட்சிக்கு நிற்கும்!

இந்தச் சந்தேகத்துக்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது, தெரியுமா? அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் கொஞ்சம் ஓட்டை என்றே எடுத்துக்கொண்டு விலையைக் குறைக்கிறார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒதுங்குகிறார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது நிஜமாகவே ஓட்டைதான். மூன்று ஆய்விதழ்கள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின! 2001-ல் அதே ஆள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்னும் சுவையான சேதி: அகர்லாஃப் 1960-களின் பின்பாதியில் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். அந்தக் கட்டுரையிலேயே நம் வீட்டுப் பெண்கள் கடை அரிசியில் கல் பொறுக்குவது உதாரணமாக வருகிறது. ஆக, முறத்தில் அரிசி புடைத்த நம் பாட்டிகளுக்கு இந்தத் தத்துவம் எப்போதோ தெரியும்.

இதற்கு விற்பவர் கையில் இருக்கும் மருந்து ரொம்பச் சாதாரணமானது: சர்வீஸ் பில் கட்டு. எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று பில்லில் வரிசையாக இருந்தால், டிஜிட்டல் மீட்டரைத் திருப்பியிருப்பாரோ என்ற பேச்சே எழாது. 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி' என்ற பழைய பல்லவியைவிட அந்த அழுக்குக் காகிதங்களுக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

சரி, விலை படிந்தது, பணம் வந்தது, சாவி போனது. கார் விற்றாயிற்றா? இல்லை! இங்கேதான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் தன் காரை விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று கார் கைமாறிக்கொண்டே போனது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போனது. ஆர்.சி.யில் யார் பெயர் தெரியுமா? முதலில் விற்றாரே, அவர் பெயரேதான்! ஓட்டியவர் கையில் கார், இவர் தலையில் நஷ்டஈடு. மோட்டார் வாகனச் சட்டம் ‘உரிமையாளர்’ என்று சொல்வது, சாதாரணமாக, பதிவேட்டில் பெயர் இருப்பவரைத்தான். விபத்தில் அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்றது நீதிமன்றம். நியாயம்தானே?

இதைத் தடுக்க எவ்வளவு செலவாகும் தெரியுமா? பெயர் மாற்றத்துக்கு மத்திய விதிகள் வைத்திருக்கும் அடிப்படைக் கட்டணம், காருக்கு, 300 ரூபாய்! ஸ்மார்ட் கார்டு, சேவைக் கட்டணம் எல்லாம் தனி என்றாலும், லட்சங்களோடு ஒப்பிட்டால் தூசு. விற்றவர் 14 நாளுக்குள் படிவம் 29-ல் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ஐக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டிலும் தேதி போடாமல், வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தையும் வெற்றாக விட்டுவிட்டு, கையெழுத்தை மட்டும் போட்டு புரோக்கரிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்த வெற்றுத்தாள் எத்தனை கை மாறும், எத்தனை மாதம் யார் டேஷ்போர்டில் கிடக்கும், யாருக்குத் தெரியும்? தேதி, நேரம், கிலோமீட்டர், வாங்குபவர் அடையாள அட்டை நகல் எல்லாம் சேர்த்து ஒரு டெலிவரி நோட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது மட்டுமே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்றம் முதலில் பார்ப்பது ஆர்.சி.யைத்தான். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்கலாமா என்று வாங்குபவர்தான் வழக்கமாகக் கேட்பார். மாற்றி யோசித்தால், பெயரை மாற்றிக்கொள்வேன் என்பதற்கு வாங்குபவரிடம் விற்பவரும் ஒரு டெபாசிட் கேட்கலாமே!

அனுமதிச் சான்று பெற்ற பழைய கார் டீலரிடம் விற்றால் கதை வேறு, தெரியுமா? 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, வண்டியை ஒப்படைத்ததை முறையாகப் பதிவு செய்தால் அதற்கப்புறம் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுகிறார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று நேரடியாக விற்கும்போது அந்தக் கவசம் கிடையாது.

மரக்காணத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி வேடிக்கை உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கனகசெட்டிகுளத்தில் மாநில எல்லையே மாறிவிடும். வாங்குபவர் புதுச்சேரிக்காரர் என்றால், அரை மணி, முக்கால் மணி நேரப் பயணத்துக்குள் வண்டி ‘வெளிமாநிலம்’ போகிறது! படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும், அங்கே வரி கட்ட வேண்டும், புது எண்ணும் வேண்டும். வெளியூர் எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருக்கச் சட்டம் விடாது. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் 2017-ல் கேரளத்துப் பிரபலங்கள் சிலர் தங்கள் சொகுசுக் கார்களை அங்கே பதிவு செய்து வம்பில் மாட்டிக்கொண்டது பெரிய செய்தியானதே!

பணம் வாங்கும்போதும் கவனம். ஒரே பேரத்தில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை போட்டிருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிக்கொண்டவருக்கு! நல்ல சேதியும் உண்டு: சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஜி.எஸ்.டி.? 2024 டிசம்பரில் கூடிய கவுன்சில் 18 சதவீதம் என்றதும் ஊரே பதறிப்போனது. அது பழைய கார் வியாபாரம் செய்கிறவர்கள் வைக்கும் லாபத்துக்கு. சொந்தக் காரை விற்கும் நமக்கு இல்லை.

இன்சூரன்ஸில் ஒரு பொக்கிஷத்தைக் காரோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள், தெரியுமா? கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருக்கலாம். கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்தத் தள்ளுபடியை எடுத்துப்போகலாம்.

அப்புறம் அந்த ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்தானே என்று விட்டுவிட்டால், கார் போன பிறகு ஒரு விடியற்காலையில் உங்கள் போன் கிணுகிணுக்கும். நீங்கள் வீட்டுத் திண்ணையில் காபி ஆற்றிக்கொண்டிருப்பீர்கள். யாரோ உங்கள் காசில் சுங்கச்சாவடி தாண்டித் திருச்சிக்குப் போய்க்கொண்டிருப்பார்.