இரண்டு பள்ளிகள்

அயல்நாட்டு நகரமொன்றில் வாழச் செல்பவருக்கு அங்கே இரண்டு பள்ளிகள் காத்திருக்கின்றன. ஒன்று மொழி வகுப்பு. மற்றொன்று அந்நகரத்துத் தெரு. முன்னதில் தேறியவர் பின்னதில் தடுமாறுவதும் உண்டு. மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லும் இந்திய மாணவர் தொகை பெருகிவரும் இந்நாளில், பெர்லின் நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் வகுப்பு. ஜெர்மன் மொழியில் நம்மைத் திகைக்க வைப்பது பால் பாகுபாடு. தமிழில் பால் பொருளைப் பற்றியது. அங்கோ அது சொல்லைப் பற்றியது. ஒரே மேசையில் கிடக்கும் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் அல்லாத நடுப்பால். சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்கூட நடுப்பாலே! சிறுமைப் பொருள் தரும் 'ஷென்' விகுதி எச்சொல்லோடு சேர்ந்தாலும் அதனை நடுப்பாலாக்கிவிடும் என்பதே காரணம். ஆகவே ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் முன் நிற்கும் டெர், டி, டாஸ் என்ற அடையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஆனால் தமிழருக்கு ஆறுதலும் உண்டு. துணை வாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குச் சென்றுவிடும் வழக்கத்தை அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வெளியான கட்டுரையில் நையாண்டி செய்தார். வினைமுற்றுக்காக வாக்கியத்தின் கடைசி வரை காத்திருப்பது நமக்குப் புதிதன்று. 'டு' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள் என்ற வேறுபாடும் நமக்கு உடனே விளங்கும். கடைக்காரர், அலுவலர், முன்பின் அறியாதவர் அனைவரும் 'ஸீ' தான். 'டு' என்றே பேசலாம் என்று முதலில் சொல்லும் உரிமை வயதில் மூத்தவருக்கு என்பது மரபு.

இனித் தெருவுக்கு வருவோம். வகுப்பில் ரொட்டிக்கு 'ப்ரோட்ஷென்' என்று படித்தவர், பெர்லின் ரொட்டிக்கடையில் 'ஷ்ரிப்பே' என்ற சொல்லைக் கேட்டு விழிப்பார். 'நான்' என்பதற்கு நூலில் உள்ள 'இஷ்' முதிய பெர்லின்வாசியின் வாயில் 'இக்' ஆகிவிடும். 'ஹால்ப் ஆக்ட்' என்றால் சொல்லுக்குச் சொல் 'அரை எட்டு'. அதை எட்டரை என்று எண்ணிச் செல்பவர் ஒரு மணி நேரம் பிந்திவிடுவார். ஏனெனில் அது எட்டை நோக்கிய அரை மணி, அதாவது ஏழரை! நேரந்தவறாமையைப் பண்பாகக் கருதும் நாட்டில் இது சிறு பிழையன்று. குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் வீட்டு முகவரியை நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். தனியே வந்தவருக்கு அந்த இருள் நெஞ்சிலும் இறங்கும்.

இந்நிலையில் ஆங்கிலம் ஓர் இனிய புகலிடமாகத் தோன்றும். நாம் திக்கித் திணறி ஜெர்மனில் தொடங்கினால், எதிரில் நிற்பவர் உதவும் நோக்கத்தோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். வேலை முடியும்; பாடம் நின்றுவிடும். இப்படியே ஆண்டுகள் கழியலாம். ஆனால் பக்கத்து வீட்டு முதியவரின் நலம் விசாரிக்கவும், கதவில் ஒட்டிய அறிவிப்பைப் படிக்கவும், தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைக்கவும் அந்நாட்டு மொழி வேண்டும். மெதுவாகப் பேசுமாறு ஜெர்மனிலேயே கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர்தான் முன்னேறுவார்.

மொழியைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்கு வரலாறே சான்று. 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் மேற்கு ஜெர்மனி ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தது. அவர்களை 'விருந்தினர் தொழிலாளர்' என்று அழைத்தனர். விருந்தினர் திரும்பிச் செல்பவர் அன்றோ? அவர்களுக்கு மொழி கற்பிக்க வேண்டும் என்று அரசு பெரிதாகக் கவலைப்படவில்லை. விரைவில் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்த பலர் கற்கவும் முற்படவில்லை. 1973இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆனால் தங்கிவிட்டவர்கள் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டனர். பெற்றோருக்காக மருத்துவரிடமும் அலுவலகத்திலும் குழந்தைகள் மொழிபெயர்க்க வேண்டிய நிலை பல வீடுகளில் ஏற்பட்டது. 2005இல்தான் புதிய குடியேற்றச் சட்டத்தின் வழியாக, 600 மணி நேர மொழிப் பாடம் கொண்ட ஒருங்கிணைப்பு வகுப்புகள் நாடெங்கும் தொடங்கின. அரை நூற்றாண்டுத் தாமதம்!

இதற்கு எதிரான காட்சி ஒன்றும் நம் மண்ணிலேயே உண்டு. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஒரு ஜெர்மானியர். தமிழ் கற்க அவருக்கு இலக்கண நூலோ அகராதியோ எளிதில் கிட்டவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பர். வந்து பத்தாண்டுகள் நிறைவதற்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

சமயப் பணி அவருடைய நோக்கம். நம் நோக்கம் வேறாக இருக்கலாம். ஆயினும் மணலில் அமரும் மனம் இருவருக்கும் பொது. பிழையாகப் பேசுவதற்கு வெட்கப்படுபவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்நகரின் விருந்தினரே. சிறுவர்கள் சிரித்தாலும் எழுந்து போகாதவருக்கே அந்த ஊர் சொந்தமாகும்.